கோணாமல் ஒரு கயாக் கட்ட

பினாங்கின் பைராம் தோட்டத்தில் ஒரு பிளைவுட் பலகையை இரவில் சுவரில் சாய்த்து வைத்துவிட்டுப் படுத்தால், காலையில் அது வயிறு தள்ளி நிற்கும். இரவெல்லாம் மழை பெய்திருந்தால் கேட்கவே வேண்டாம். அலமாரி செய்கிறவருக்கு இது பெரிய விஷயமில்லை. இரண்டு திருகாணி போட்டுச் சட்டத்தோடு இழுத்துக் கட்டிவிடுவார். கயாக் கட்டுகிறவருக்கோ இழுத்துக் கட்டச் சட்டம் என்று ஒன்று கிடையாது. படகின் உடம்பு முழுக்க அந்த 4 மி.மீ. பலகைதான். 5 மீட்டர் நீளம், 60 செ.மீ. அகலம் என்று ஒல்லியாக ஓடும் படகில் எங்கோ ஓரிடத்தில் விழுந்த கோணல் இரு முனைக்கும் போய்ச் சேரும். எப்பாக்சிப் பசை இறுகிவிட்டால் கோணலும் அதோடு இறுகிவிடும்.

பைராம் இருக்கும் நிபோங் தெபால் வட்டாரத்தில் கயாக் விடத் தண்ணீருக்குப் பஞ்சமில்லை. கிரியான் ஆறு இருக்கிறது. மின்மினி பார்க்க இரவில் படகு போகும் ஆறு அது. பைராம் வனக்காப்பகத்தின் அலையாத்திச் சதுப்பு இருக்கிறது. கடல் ஏறினால் ஏறி, இறங்கினால் இறங்கும் ஓடைகள் இருக்கின்றன. கரும்பு போய் ரப்பர் வந்து, ரப்பர் போய்ச் செம்பனை வந்த தாழ்வான நிலம் இது. எங்கு பார்த்தாலும் வாய்க்கால். அந்த ஈரம்தான் படகு கட்டும்போது எதிரே வந்து நிற்கிறது.

மரம் ஏன் கோணுகிறது என்பதை முதலில் பார்த்துவிடலாம். அது புரிந்தால் மற்றதில் பாதி தானாகப் பிடிபடும்.

மரத்தின் நார்ச் சுவர்கள் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்து வீங்கும். காற்று காய்ந்தால் ஈரத்தை விட்டுச் சுருங்கும். நார் ஓடும் நீளவாக்கில் இந்த மாற்றம் மிகச் சொற்பம். பச்சை மரம் முழுக்கக் காய்ந்தால்கூட 0.1 அல்லது 0.2 விழுக்காடுதான். குறுக்கே கதை வேறு. மெரந்தி போன்ற மரத்தில் சுற்றுவாக்கில் 8 விழுக்காடு வரை சுருங்கும். நடுவிலிருந்து பட்டையை நோக்கிய வாக்கில் ஏறக்குறைய அதில் பாதி. பிளைவுட்டில் ஏடுகளை ஒன்றுக்கொன்று குறுக்காக ஒட்டியிருப்பது இதற்காகத்தான். ஓர் ஏடு அகலவாக்கில் வீங்கப் பார்த்தால், அதற்கு மேலும் கீழும் உள்ள ஏடுகளின் நீள நார் அதை இழுத்துப் பிடிக்கும். ஏடுகள் 3, 5, 7 என்று ஒற்றைப்படையில் இருப்பதற்கும் காரணம் அதுவே: நடு ஏட்டுக்கு இரு புறமும் ஒரே மாதிரி அடுக்கு, ஒரே மாதிரி இழுவிசை.

இவ்வளவு பிடிமானம் இருந்தும் பலகை ஏன் வளைகிறது? ஒரு சின்னக் கணக்கு. 2.4 மீட்டர் நீளமும் 4 மி.மீ. கனமும் உள்ள பலகையில், ஒரு முகம் மற்ற முகத்தைவிட 0.05 விழுக்காடு மட்டும் நீண்டுவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். 2.4 மீட்டருக்கு அது 1.2 மி.மீ. கண்ணுக்குத் தெரியாத அளவு. ஆனால் அந்த வித்தியாசம் பலகையை 8 மீட்டர் ஆரமுள்ள வட்டத்தின் துண்டாக வளைத்துவிடும். தரையில் போட்டால் நடுப்பகுதி 9 செ.மீ. தூக்கி நிற்கும். பலகை எவ்வளவு மெலிதோ அவ்வளவுக்கு வளைவு கூடும். அதே 1.2 மி.மீ. வித்தியாசம் 18 மி.மீ. பலகையில் வந்தால் நடுவில் 2 செ.மீ.தான் தூக்கும். அலமாரிக்காரர் கவலைப்படாததற்குக் காரணம் இதுதான்.

ஆக, ஈரம் அதிகம் என்பதால் மட்டும் பலகை கோணுவதில்லை. இரு முகமும் ஒரே அளவு ஈரமாக இருந்தால் பலகை நேராகவே கிடக்கும், சற்றுப் பெருத்திருக்கும், அவ்வளவுதான். ஒரு முகத்துக்குக் கிடைத்தது மறு முகத்துக்குக் கிடைக்காதபோதுதான் வினை. வெயிலில் காயும் அப்பளத்தின் ஓரம் மேல்நோக்கிச் சுருட்டிக்கொள்வதும் இதே கணக்குதான்: மேல்பக்கம் முந்திக் காய்கிறது, அடிப்பக்கம் பிந்துகிறது. சுவரில் சாய்த்த பலகையில் ஒரு முகம் அறைக் காற்றைப் பார்க்கிறது, மற்றது சுவரின் குளிர்ச்சியைப் பார்க்கிறது. கயாக் வேலை முழுவதையும் இந்த ஒரு கண்ணோட்டத்தில் பார்க்கலாம். ஒரு முகத்துக்கு என்ன செய்கிறோமோ, மறு முகத்துக்கும் அதையே, கூடியவரை அதே நாளில் செய்ய வேண்டும்.

இப்போது பினாங்குக் காற்று. காற்றின் ஈரப்பதம் 50 விழுக்காடானால் மரம் 9 விழுக்காடு ஈரத்தில் நிலைகொள்ளும். 65 ஆனால் ஏறக்குறைய 12. 80 ஆனால் 16. 90 ஆனால் 20. இங்கே மதிய வெயிலில் 60-களில் நிற்கும் ஈரப்பதம் விடியற்காலையில் 90-ஐத் தாண்டிவிடும். கனமான உத்திரத்துக்கு இந்த ஏற்ற இறக்கம் உறைக்காது, மெதுவாகத்தான் உள்ளே போகும். 4 மி.மீ. பலகை ஒவ்வொரு இரவையும் உணர்கிறது. எப்பாக்சி பூசும் மரத்தில் 12 விழுக்காட்டுக்கு மேல் ஈரம் இருக்கக் கூடாது என்பது படகு கட்டுவோரிடையே பொதுவான கணக்கு. பைராமில் திறந்த கொட்டகையில் கிடக்கும் பலகை அந்தக் கணக்குக்கு வெளியேதான் இருக்கும்.

இதற்கெல்லாம் முன்னோர் என்ன செய்தார்கள் என்று கேட்கலாம். அவர்கள் மரத்தை அசையவிட்டார்கள். கட்டுமரத்தில் கட்டைகளைக் கயிற்றால் கட்டினார்கள். கரைக்கு வந்ததும் பிரித்துக் காயப் போட்டார்கள். சென்னைக் கரையில் அலையைத் தாண்டிப் போன மசூலா படகின் பலகைகளைத் தென்னை நார்க் கயிற்றால் தைத்திருந்தார்கள். அலை அடித்தால் படகு நெளிந்துகொடுக்கும். திரங்கானுவின் பூலாவ் டுயோங்கில் செங்கால் மரத்தில் படகு கட்டுகிறவர்கள் பலகைகளுக்கு நடுவே கெலாம் மரப்பட்டையைத் திணிக்கிறார்கள். தண்ணீரில் இறங்கியதும் மரம் வீங்கி இடுக்கை அடைத்துக்கொள்ளும். அங்கெல்லாம் வீக்கம்தான் படகைக் காக்கிறது. எப்பாக்சிப் படகு இதற்கு நேர் எதிர்த் திசையில் போகிறது. ஈரமே உள்ளே புகாமல் மரத்தை எல்லாப் பக்கமும் மூடிவிடுவது அதன் வழி. 1969-இல் மிச்சிகன் மாநிலத்தின் பே சிட்டியில் படகுக் கூடம் தொடங்கிய கூஜன் சகோதரர்கள் பரப்பிய முறை இது. பாதி மூடி, பாதி மூடாமல் விடுவதுதான் இரண்டிலும் சேராத நடுத்தெரு.

பலகைகளைக் கம்பியால் தைத்து மூட்டில் பசை வார்க்கும் முறை, 1960-களின் தொடக்கத்தில் பிரிட்டனில் வந்த மிரர் பாய்மரப் படகின் மூலம் உலகெங்கும் பரவியது. தமிழ்க் கரைக்கும் அது பின்னர் வந்தது. 1980-களின் தொடக்கத்தில் குமரி மாவட்டம் முட்டத்தில், கோட்டாறு சமூக சேவைச் சங்கத்தின் துணையோடு, பெல்ஜியத்தைச் சேர்ந்த பியர் ஜில்லே படகுக் கூடம் ஒன்றைத் தொடங்கினார். ஆங்கிலேய வடிவமைப்பாளர் எட்வின் கிஃபர்டின் படகுகள் அங்கே பிளைவுட்டில் உருவாயின. கட்டுமரத்துக்கும் வள்ளத்துக்கும் பெரிய மரம் கிடைப்பது அரிதாகிவந்த நேரம் அது. பிறகு தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பு தன் கூடங்களில் பிளைவுட் படகுகளைக் கட்டித் தள்ளியது. ஜில்லே 1985-இல் எழுதிய நூலின் தலைப்பு ‘ஸ்மால் இஸ் டிஃபிகல்ட்’ (சிறியது கடினம்). சின்னப் படகு கட்டிப் பார்த்தவர்கள் அந்தத் தலைப்பை மறுக்க மாட்டார்கள். முட்டத்துப் படகுகள் கயாக்கைவிடக் கனமான பலகையில் ஆனவை, அலையில் மோதிக் கரையேற வேண்டியவை. ஆனாலும் வேலையின் ஒழுங்கு ஒன்றுதான்.

பலகை வாங்குவதிலிருந்து தொடங்கலாம். கயாக்குக்கு உலகெங்கும் விரும்புவது காபோன் நாட்டு ஒக்கூமே மரத்தில் செய்த, பி.எஸ். 1088 என்ற பிரிட்டிஷ் தரமுள்ள 4 மி.மீ. பலகை. ஒரு முழுப் பலகை 5 கிலோ சொச்சம் இருக்கும். இங்கே கிடைப்பது பெரும்பாலும் மெரந்தி. அதே அளவுக்கு 7 கிலோவை நெருங்கும். படகு கொஞ்சம் கனக்கும், வேறு குறையில்லை. கவனிக்க வேண்டியது ஏடுகளின் கனம். பலகையின் விளிம்பை உற்றுப் பாருங்கள். மேல் ஏடும் கீழ் ஏடும் காகிதம் போல இருந்து நடு ஏடு மட்டும் தடியாக இருந்தால், அந்தப் பலகை நீளவாக்கில் துவளும், குறுக்கே விறைக்கும்; உப்புத்தாள் போடும்போது மேல் ஏடு ஒரு பக்கம் முழுக்கத் தேய்ந்தும் போகலாம். அதோடு சமநிலை போச்சு. இன்னொன்று: கடைப் பேச்சில் 3 மி.மீ. என்று போகும் மெல்லிய பலகை அளந்தால் பெரும்பாலும் 2.7 மி.மீ.தான். அதில் கயாக் கட்ட முடியாது என்றில்லை. மேலே சொன்ன வளைவுக் கணக்கை மட்டும் மறக்கக் கூடாது. கடையில் பலகையைப் படுக்க வைத்திருக்கிறார்களா, நிறுத்தி வைத்திருக்கிறார்களா என்றும் பாருங்கள். நிறுத்தி வைத்த அடுக்கிலிருந்து, அதுவும் வாசல் பக்கத்து முதல் பலகையை, நான் எடுக்க மாட்டேன்.

வீட்டுக்குக் கொண்டுவந்ததும் படுக்க வையுங்கள். சம தரையில், 30 அல்லது 40 செ.மீ.க்கு ஒன்றாக ஒரே கனமுள்ள ரீப்பர்களைப் போட்டு, பலகைகளுக்கு நடுவேயும் ரீப்பர் வைத்து அடுக்கி, மேலே பாரம் ஏற்ற வேண்டும். எல்லா ரீப்பரும் ஒன்றன் மேல் ஒன்றாக நேர்கோட்டில் இருக்க வேண்டும். சிமெண்டுத் தரைமேல் நேரடியாகப் போடவே கூடாது. குளிர்சாதனம் ஓடும் அறை ஒன்றை வாரக்கணக்கில் விட்டுக்கொடுக்க வீட்டார் சம்மதித்தால் அதைவிட நல்லது எதுவுமில்லை. அங்கே ஈரப்பதம் 50-லிருந்து 55 வரை இறங்கும். மரமும் 9 அல்லது 10-க்கு வரும். இயலாதவர்கள் மழை குறைந்த ஜனவரி, பிப்ரவரியை வேலைக்கு வைத்துக்கொள்ளலாம். அக்டோபரில் கொட்டகையில் தொடங்குகிறவர் துணிச்சல்காரர்.

மரம் காய்ந்ததா என்று தெரிந்துகொள்ள மீட்டர் வாங்கத்தான் வேண்டும் என்றில்லை. அதே பலகையில் ஒரு துண்டை அறுத்து எடை போடுங்கள். பிறகு 103 பாகை வெப்பமுள்ள அடுப்பில் வைத்து, எடை இனிக் குறையாது என்ற நிலை வரும்வரை விடுங்கள். 100 கிராம் இருந்தது 86 ஆனால், போன 14 கிராமை 86-ஆல் வகுக்க வேண்டும். 16 விழுக்காடு வரும். அது கொட்டகைப் பலகை. 92 வரை மட்டுமே இறங்கினால் ஈரம் 9-ஐ ஒட்டி இருக்கிறது, வேலையைத் தொடங்கலாம்.

ஏற்கெனவே வளைந்துவிட்ட பலகையைத் தூக்கியெறிய வேண்டாம். குழிந்த முகம்தான் சுருங்கியிருக்கும் முகம். அதை ஈரத் துணியால் துடைத்தோ, ஈரப் புல்மேல் குப்புறப் போட்டோ ஈரம் கொடுத்தால் நீளும். மேலே உப்பிய முகத்தில் வெயில் பட்டால் அது சுருங்கும். அரைமணிக்கு ஒருமுறை புரட்டிப் பார்க்காவிட்டால் எதிர்ப்பக்கம் வளைந்து சிரிக்கும். நேரானதும் பாரத்தின் கீழ் அடுக்கி மறுபடி காயவிட வேண்டும். பசை தொடுவதற்கு முன்பு மட்டுமே செல்லும் வைத்தியம் இது.

வெட்டுவதில் ஒரு தந்திரம் உண்டு. இடப்பக்கப் பலகையையும் வலப்பக்கப் பலகையையும் தனித்தனியாக வரைந்து வெட்டாமல், இரண்டு பலகைகளை ஒன்றன் மேல் ஒன்றாக வைத்துப் பிடித்து, சேர்த்தே வெட்டி, சேர்த்தே இழைப்புளி போடுங்கள். மேலிருந்ததைப் புத்தகம் விரிப்பது போலத் திறந்து எதிர்ப்பக்கத்துக்குப் போடுங்கள். வளைவுக் கோடு இரு பக்கமும் அச்சாக ஒத்துப்போகும்; ஒரே கட்டில் வந்த இணைப் பலகைகளானால் இரண்டின் விறைப்பும் ஏறக்குறைய ஒத்திருக்கும். இரண்டு துண்டுகளை நீளவாக்கில் ஒட்ட, கனத்தைப் போல 8 மடங்கு சரிவு வைக்க வேண்டும், அதாவது 4 மி.மீ.க்கு 32 மி.மீ. ஒட்டும்போது நூல் பிடித்துப் பார்க்காமல் கிளாம்ப் போடக் கூடாது. மூட்டில் ஒரு மி.மீ. திரும்பினால் 2 மீட்டர் தள்ளி அது விரல் அகலமாகிவிடும். படகே வாழைப்பழம் போல் வளைந்திருந்தால் பெரும்பாலும் குற்றவாளி இந்த மூட்டுதான். ஈரத்தின்மேல் பழி போடுவது அநியாயம்.

இனி முறுக்கல். கயாக்கில் வரும் கோணல்களிலேயே தொல்லையானது இது. முன் முனை ஒரு பக்கம் சாய, பின் முனை எதிர்ப்பக்கம் சாயும். நடுவில் நின்று பார்த்தால் எல்லாம் சரியாகவே தெரியும். தைத்த நிலையில் படகு மேலே திறந்த தொட்டி. திறந்த வடிவத்துக்கு முறுக்கைத் தாங்கும் வலு கிடையாது. ஒரு கம்பியை இடப்பக்கம் கூடுதலாக இறுக்கினாலும் திரும்பிக்கொள்ளும். தாங்கு கட்டைகளில் ஒன்று சாய்ந்திருந்தாலும் திரும்பும். ஆனால் மேல்தட்டு மூடி ஒட்டிய மறுநாள் அதே படகு மூடிய குழாய். அதன்பின் இரண்டு பேர் ஆளுக்கொரு முனையைப் பிடித்துத் திருகினாலும் அசையாது. அப்படியானால் முறுக்கலைத் திருத்தும் காலம் எது என்பது தெளிவு: தைத்து முடித்ததற்கும் உள்மூலையில் பசை வார்ப்பதற்கும் இடைப்பட்ட நேரம். இரண்டாவது வாய்ப்பு, மேல்தட்டு ஒட்டும் நாள். மூன்றாவது கிடையாது.

பார்ப்பது எப்படி? நேரான இரண்டு மரச்சட்டங்களை எடுத்து, ஒன்றைப் படகின் முன்பகுதியிலும் மற்றதைப் பின்பகுதியிலும் இரு விளிம்பையும் தொடும்படி குறுக்கே வையுங்கள். ஒரு முனைக்குப் பின்னால் குனிந்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, முன்சட்டத்தின் மேல்விளிம்போடு பின்சட்டத்தின் மேல்விளிம்பைச் சேர்த்துப் பாருங்கள். இரண்டும் ஒரே கோடாகத் தெரிந்தால் நல்லது. ஒன்று இடப்பக்கம் ஏறி, வலப்பக்கம் இறங்கினால் முறுக்கல். சட்டம் நீளமாக இருந்தால் சின்ன முறுக்கலும் பெரிதாகத் தெரியும். ஒரு மீட்டர் சட்டம் போதும். ரசமட்டத்தை மட்டும் நம்பினால் தரையின் சாய்வும் சேர்ந்து குழப்பும். கண்தான் இங்கே நல்ல கருவி. வேறு இரு இடங்களிலும் சட்டத்தை வைத்துப் பாருங்கள். முறுக்கல் எங்கே தொடங்குகிறது என்று தெரிந்துவிடும். பெரும்பாலும் அங்கே ஒரு கம்பி அளவுக்கு மீறி இறுகியிருக்கும். அதைத் தளர்த்தினால் படகு தானே திரும்பி உட்கார்வதைக் கையில் உணரலாம். எல்லாக் கம்பியையும் முதலில் தளர்வாகப் போட்டுக்கொண்டு, நடுவிலிருந்து முனைகளை நோக்கி, இடம் ஒன்று வலம் ஒன்றாக இறுக்கி வந்தால் இந்தத் தொல்லையே பாதி குறையும்.

தளர்த்தியும் தீரவில்லை என்றால், உயர்ந்து நிற்கும் விளிம்பில் ஒரு சட்டத்தை வெளியே நீட்டிக் கட்டி, அதன் முனையில் தண்ணீர்ப் புட்டி தொங்கவிடுங்கள். சட்டங்கள் ஒரே கோட்டுக்கு வரும்வரை தண்ணீரைக் கூட்டிக் குறைக்கலாம். அப்படியே விட்டு, உள்மூலைகளில் தையலுக்கும் தையலுக்கும் நடுவே விரல் நீளத்துக்குப் பசைப்பொட்டு வையுங்கள். அது இறுகிய பிறகு இன்னொரு முறை கண் வைத்துப் பார்த்து, சரியாக இருந்தால் கம்பிகளை உருவிவிட்டு முழுப் பசையையும் வாருங்கள். மரத்தூள் கலந்த பசையை ஒரே மூச்சில் தடியாக வார்க்கக் கூடாது. தடிப் பசை இறுகும்போது சூடேறும், ஆறும்போது சுருங்கும், 4 மி.மீ. பலகையைத் தன் பக்கம் இழுக்கும். வெளியிலிருந்து பார்த்தால் மூட்டை ஒட்டிப் பள்ளம் தெரியும்.

எப்பாக்சி பூசுவதில் இரண்டு முகக் கணக்கு இன்னும் கறாராகிறது. வெட்டிய பலகைகளுக்கு முன்கூட்டியே உள்பக்கம் மட்டும் ஒரு பூச்சு கொடுத்து வைத்தால் வேலை சுலபம் என்று சிலர் சொல்வார்கள். வேலை சுலபம்தான். ஆனால் மறுநாள் மழை பெய்தால் பூசாத முகம் ஈரம் குடித்து நீளும். பூசிய முகம் அப்படியே நிற்கும். பலகை பூசிய பக்கம் குழிந்து சுருண்டுகொள்ளும். குளிர்சாதன அறையில் பூசி வெளியே கொண்டுவந்தாலும் இதே கதி. இரு முகத்துக்கும் ஒரே நாளில் பூச நேரமில்லையென்றால் பூசாமல் இருப்பதே மேல். படகின் வெளிப்பக்கத்தில் கண்ணாடி இழைத் துணி போர்த்தி எப்பாக்சி ஏற்றியபின் உள்பக்கத்தை அடுத்த மாதம் பார்க்கலாம் என்று விடுவதும் அப்படியே. மரக்கீற்றுகளை வரிசையாக ஒட்டிக் கட்டும் கயாக்கில் இது இன்னும் மோசம். வெளியே துணி, உள்ளே வெறும் மரம் என்று நின்ற உடல், அச்சிலிருந்து கழற்றியதும் விளிம்புகளை உள்நோக்கி மடக்கவோ வெளிநோக்கி விரிக்கவோ தொடங்கிவிடும், மேல்தட்டு பொருந்தாது. கழற்றிய மறுநாளே உள்பக்கத் துணியையும் போடுங்கள். போடும்வரை வரைபடத்து அகலத்துக்குக் குறுக்குக் குச்சி வெட்டி வைத்து விளிம்பைப் பிடித்திருங்கள்.

நேரமும் முக்கியம். வெப்பம் ஏறும் காலையில் பூசினால் மரத்துக்குள் இருக்கும் காற்று விரிந்து, பூச்சில் குமிழி குமிழியாக வெளிவரும். வெப்பம் இறங்கத் தொடங்கும் மாலையில் பூசினால் மரமே பசையை உள்ளே இழுத்துக்கொள்ளும். ரொம்பத் தாமதித்தால் இரவு ஈரம் இறங்கி, காலையில் பூச்சின் மேல் பிசுபிசுப்பான மெழுகுப் படலம் நிற்கும். அதை வெறும் தண்ணீரும் தேய்ப்பு நாருமாகக் கழுவித் துடைத்த பிறகே உப்புத்தாள். நம் வெயிலுக்கு மெதுவாக இறுகும் ஹார்டனர் வேண்டும். வெப்பம் 10 பாகை கூடினால் கலவை கையில் நிற்கும் நேரம் ஏறக்குறையப் பாதியாகும். விளிம்புகளுக்கும் துளைகளுக்கும் கூடுதல் பூச்சு. பலகையின் விளிம்பில்தான் நார்க் குழாய்கள் வாய் திறந்து கிடக்கின்றன. அங்கிருந்து புகும் ஈரம் பூச்சுக்கு அடியில் பரவும்.

சாமான் அறையின் மூடி தனியாக ஒரு பாடு. தட்டையான, சின்ன, எந்தப் பிடிமானமும் இல்லாத பலகைத் துண்டு அது. கோணினால் ஓரத்தில் தண்ணீர் கசியும். மேல்தட்டிலேயே அறுத்தெடுத்த துண்டை மூடியாக்கினால் தட்டின் வளைவு அதற்கும் இருக்கும். வளைந்த பலகை தட்டைப் பலகையைவிட விறைப்பு. இரு முகத்திலும் ஒரே கனத்துக் கண்ணாடித் துணி போட்டு, அது இறுகும்போது மூடியை அதன் இடத்திலேயே, நடுவே பிளாஸ்டிக் தாள் வைத்து, கட்டி இறுக்கி விடுங்கள். அப்படியும் கோணிய மூடியைத் திருத்த வழி உண்டு. அறை வெப்பத்தில் இறுகிய எப்பாக்சி பெரும்பாலும் 50, 60 பாகையில் இளகத் தொடங்கும். வெப்பக்காற்றுத் துப்பாக்கியால் கை பொறுக்காத அளவுக்கு மட்டும் சூடாக்கி, வேண்டியதற்குச் சற்று அதிகமாகவே எதிர்ப்பக்கம் வளைத்துக் கிளாம்ப் போட்டு, முழுக்க ஆறவிட வேண்டும். விட்டதும் கொஞ்சம் திரும்பிவரும், அதற்காகத்தான் அந்த அதிகம்.

இளகும் இந்தக் குணம்தான் வெயிலில் நமக்கு எதிராக வேலை செய்கிறது. கறுப்போ கடுநீலமோ பூசிய தட்டு நம் மதிய வெயிலில் அந்த வெப்பத்தைத் தாண்டிவிடும். தகரக் கூரைக்கு அடியில், இரண்டு முனைகளில் மட்டும் கட்டை கொடுத்துக் கிடத்திய படகு சில மாதங்களில் நடுவில் தொய்ந்துவிடும். வெளிர் நிறம் பூசுங்கள்; மரம் தெரிய வேண்டுமென்றால் புற ஊதாக் கதிரைத் தடுக்கும் வார்னிஷ். நீளத்தில் கால்பங்கு உள்ளே தள்ளி இரு இடத்தில் அகலப் பட்டையில் தொங்கவிட்டு, குப்புறக் கவிழ்த்து, சாமான் அறை மூடிகளைத் திறந்து வைக்க வேண்டும்.

எல்லாம் முடிந்த பிறகும் படகு ஒரு பக்கம் இழுக்கிறது என்று தோன்றினால், உளியைத் தூக்குமுன் ஆற்றில் ஒரு சோதனை. கிரியானில் நீர் ஏறவும் இறங்கவும் இல்லாமல் நிற்கும் சிறு இடைவேளையில், காற்றில்லாத நேரம் பார்த்து, நாலைந்து துடுப்பு வேகமாகப் போட்டுவிட்டுக் கையைத் தூக்கிக்கொள்ளுங்கள். முன்முனை எந்தப் பக்கம் திரும்புகிறது என்று பார்த்து, படகைத் திருப்பி எதிர்த் திசையிலும் அதையே செய்யுங்கள். முதல்முறை கடல் பக்கம், இரண்டாம் முறையும் கடல் பக்கம் என்றால் அது காற்றோ நீரோட்டமோ. இரண்டு முறையும் உங்கள் இடக்கைப் பக்கமே என்றால், வேறொருவரை உட்காரவைத்தும் பாருங்கள். நம்மில் பலர் ஒரு பக்கம் சாய்ந்து உட்காருகிறோம். அவருக்கும் இடப்பக்கமே போனால் படகில்தான் முறுக்கல். அரை பாகை, ஒரு பாகை முறுக்கலுக்காக மேல்தட்டை அறுத்துப் பிரிப்பது வீண் வேலை. பின்முனைக்கு அடியில் உள்ளங்கை அகலத்தில் ஒரு துடுப்புத்தகடு ஒட்டினால் போதும். அதை ஒட்டுமுன் அதன் இரு முகத்துக்கும் பூச்சு கொடுத்துவிடுங்கள்.